சாமை விதையும் கொல்லை நிலமும்



நினைவுப் பொழிவில் விதையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். கல்வெட்டும் செப்பேடும் நிலம் கொடுத்தவரையும் பெற்றவரையும் பதிந்தன. உழுதவர், களையெடுத்தவர் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்களில் ஒன்று விதை.

ஜவ்வாது மலையில் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு வருகிறார்கள். சாமை இந்திய மண்ணில் பயிரானது. கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. சோளம், கம்பு, தட்டைப்பயறு ஆகியவற்றுக்கும் ஆப்பிரிக்காவே தாயகம். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே இவை இந்தியாவுக்கு வரத் தொடங்கிவிட்டன. நம் களியும் கூழும் ஆப்பிரிக்க உழவரின் அறிவுக்குக் கடன்பட்டவை.

அந்த உழவரின் வழிவந்தவர்களில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அடிமைகளாக அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தோட்ட முதலாளிகள் ஒதுக்கிய துண்டு நிலங்களில் அவர்கள் தட்டைப்பயறும் வெண்டையும் வளர்த்தார்கள். சூரினாமில், தப்பியோடியவர்களின் வழித்தோன்றல்களான மரூன் மக்கள், தங்கள் முன்னோரான பெண்கள் கூந்தலுக்குள் நெல்லை மறைத்துக்கொண்டு ஓடியதாக இன்றும் சொல்கிறார்கள். உடைமை எதுவும் இல்லாதவர்கள் உணவைக் காத்த வரலாறு இது.

இங்கே நடந்தது என்ன? 1960களின் பசுமைப் புரட்சியில் ஆராய்ச்சி, கடன், உரம், கொள்முதல் எல்லாம் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. சிறுதானியம் 'ஏழை தின்னும் தீனி' என்று இகழப்பட்டது. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதைக் குறை சொல்லும் மேட்டிமைப் பேச்சு நமக்கு வேண்டாம். அந்த அரிசி பசியாற்றியது. உரலில் சாமை குத்திய பெண்களின் தோள்வலியையும் மறந்துவிட்டுப் பழமை பாடக்கூடாது. ஆனால் ரேஷனில் அரிசியோடு சாமைக்கும் இடம் இருந்திருந்தால், ஊர்தோறும் உமி நீக்கும் எந்திரம் வந்திருந்தால், விதைப்பு இவ்வளவு சுருங்கியிருக்காது. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. இகழப்பட்ட தானியம் நகரத்துக் கடைகளில் விலையேறி நிற்கிறது. அந்த விலையில் விதை காத்தவளுக்கு வந்த பங்கு எவ்வளவு?

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்கு உரிமை தருகிறது. விதைக்க நிலம் வேண்டாமா? 1892 அரசாணையால் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி கைமாறிப் போனது. மலையிலோ, 2006 வன உரிமைச் சட்டத்தின் பட்டாவுக்கு மனுவோடு நிற்க வேண்டியிருக்கிறது. சேரியில் அவரைக்கொடி ஏற்றக்கூடக் கொல்லைப்புறம் இல்லாத வீடுகள் எத்தனை? விதை மீட்பு நில மீட்போடுதான் நடக்கும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்ப் பாட்டிமாரிடம் போங்கள். எந்த விதை, யார் கொடுத்தது, எந்த மாதம் விதைப்பு, எப்படிச் சேமிப்பு என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். கல்வெட்டு விட்டுவிட்ட பெயர்களை நாம் எழுதுவோம்.