கல்கத்தாவுக்குப் போன கல், கல்கத்தாவிலிருந்து வந்த செடி

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது மிஞ்சிய கருங்கல் இரண்டு வருஷமாக வாசலில் குவிந்து கிடந்தது. தூக்கிப்போட ஆள் கூலி கேட்டால் தலை சுற்றியது. சரி, அதை வைத்தே ஒரு பாறைத்தோட்டம் போடலாம் என்று முடிவெடுத்தேன். கல்லைச் சரிவாக அடுக்கி, இடுக்குகளில் மணலும் செம்மண்ணும் நிரப்பினேன். நர்சரிக்காரர் ஒரு செடி கொடுத்தார். தரையோடு பாய் விரித்த மாதிரி படரும். ஊதாப் பூ. "தண்ணியே ஊத்தலைன்னாலும் நிக்கும் மேடம்" என்றார். பெயர் கேட்டதற்கு லாண்டனா என்றார்.

நட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டு சுவரின் மேல் எட்டிப் பார்த்தார். சத்தியமங்கலம் பக்கம் பிறந்து வளர்ந்தவர். "ஏங்கண்ணு, இது உண்ணிச்செடியல்லோ? இதப் போயி காசு குடுத்தா வாங்குனே?"

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்தது. கல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை, அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்துதான் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாவில் புதைந்திருக்கும் ஒருவருடையது.

செடி வந்தது எதிர்த்திசையில். உண்ணியின் சொந்த ஊர் அமெரிக்க வெப்ப மண்டலம். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அதன் பூவில் மயங்கி, வளர்த்து, கலப்பினம் செய்து, நிறம் நிறமாகப் பெருக்கினார்கள். இந்தியாவுக்கு வந்த கதையில் வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1809, இடம் கல்கத்தா தாவரவியல் பூங்கா. அழகுச் செடியாகத்தான் வந்தது. பிறகு வேலிச் செடியானது. பறவைகள் கறுத்த பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குக் கொண்டுபோயின. அதன்பின் யாராலும் நிறுத்த முடியவில்லை.

நூறு வருஷம் கழித்து அரசாங்கத்துக்கு உறைத்தது. ஒய். ராமச்சந்திர ராவ் என்ற பூச்சியியலாளர், உண்ணியைத் தின்னும் பூச்சி இங்கேயே ஏதாவது இருக்கிறதா என்று தேடி, 1920-ல் அறிக்கை வெளியிட்டார். ஒழிக்கும் அளவுக்கு எதுவும் சிக்கவில்லை. 1921-ல் ஹவாயிலிருந்து ஒரு ஈயைக் கொண்டுவந்தார்கள். 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நாவாய்ப்பூச்சி. அது தேக்கையும் கடிக்கலாம் என்ற பயத்தில் வளர்த்ததை அழிக்கச் சொன்னார்கள். அதற்குள் தப்பித்துப் போய் நாடு முழுக்கப் பரவிவிட்டது. உண்ணி மட்டும் அசரவில்லை.

2020-ல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் உண்ணி இருப்பதாகச் சொல்கிறது. அது புதராக அடைத்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை. "பஞ்சத்துல மாடு அதத் தின்னுட்டா வெயில்ல தோலு வெந்துரும்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னது கட்டுக்கதை இல்லை. இலையில் உள்ள நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். அப்புறம் தோலால் வெயிலைத் தாங்க முடியாது.

கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இந்தக் குச்சியை வளைத்து ஆளுயரத்தை மிஞ்சும் யானைகள் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஐரோப்பியத் தோட்டத்துக்கே செடி திரும்பிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வாங்கியது காட்டு உண்ணி இல்லை, அதன் தங்கை. லாண்டனா மான்டிவிடென்சிஸ். மான்டிவிடியோ நகரத்தின் பெயர் தாங்கிய தென்னமெரிக்கச் செடி. பாறைத்தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கஷ்டம். நல்ல வெயில், தேங்காத தண்ணீர், வருஷத்துக்கு ஒரு கவாத்து போதும். பட்டாம்பூச்சி வேறு மொய்க்கும். ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதுவும் தோட்டத்தை விட்டுத் தப்பித்துக் களையாகியிருக்கிறது. வண்டலூர்க் காப்புக்காடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கொண்டலாத்தி பறக்கும் தூரம்தான். 1809-ல் கல்கத்தாவில் நட்டவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

பிடுங்கித் தொட்டியில் வைத்தேன். பூ முடிந்ததும் காய் பிடிக்கும் முன் வெட்டிவிடுகிறேன்.

கல் இடுக்குக்கு என்ன செய்வது? பதில் தெருக்கோடிக் காலி மனையிலேயே இருந்தது. விஷ்ணுகிராந்தி: காலையில் நீலமாக மலர்ந்து மதியம் மூடிக்கொள்ளும். செப்பு நெருஞ்சில்: தரையோடு தட்டையாக ஒட்டி, செம்புநிறப் பூ பூக்கும். இரண்டும் இந்த மண்ணிலேயே வெயில் தின்று வளர்ந்தவை. செப்பு நெருஞ்சிலுக்கு ஆணிவேர் ஆழம். தோண்டி நட்டது செத்தே போனது. விதை பொறுக்கிப் போட்டேன். மழைக்குப் பிறகு நாலு முளைத்தன.

இப்போது அந்த மனையில் ஜேசிபி நிற்கிறது, ஃபிளாட் வரப்போகிறது. அஸ்திவாரத்துக்கு லாரியில் கருங்கல் வந்து இறங்கிவிட்டது. நான் தினமும் காலையில் ஒரு தீப்பெட்டியோடு போய் விதை பொறுக்குகிறேன். நேற்று பக்கத்து வீட்டு அம்மாவும் கூட வந்தார்.