ஜாங்கோவில் யூஆர்எல் ரூட்டிங்

பைத்தான் மொழியின் ஜாங்கோ பிரேம்வொர்க்கில், உலாவி கேட்கும் முகவரிக்கு எந்த நிரல் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் ஏற்பாடு யூஆர்எல் ரூட்டிங். பதில் சொல்லும் நிரலுக்கு ‘வியூ’ என்று பெயர்.

ஜாங்கோ பிறந்தது ஒரு நாளிதழ் அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் இதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் 2003இல் தொடங்கிய வேலை, 2005 ஜூலையில் பொதுவில் வெளியானது. அதனால்தானோ என்னவோ, செய்தியை ஆண்டு, மாதம் என்று அடுக்கும் முகவரிகள் இதற்குக் கைவந்த கலை.

முகவரி வடிவங்கள் ‘யூஆர்எல்ஸ்.பை’ கோப்பில் ஒரு பட்டியலாக இருக்கும். ஜாங்கோ மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘கட்டுரை/<ஸ்ட்ர்:தலைப்பு>/’ என்று எந்தச் சொல்லையும் தலைப்பாக ஏற்கும் வரி மேலேயும் ‘கட்டுரை/புதிது/’ கீழேயும் இருந்தால், இரண்டாவதற்கு முறை வரவே வராது. ‘புதிது’ என்ற தலைப்புள்ள கட்டுரையைத் தேடிப் போய், அது இல்லையென்றால் 404 பிழையில் முடியும். வரிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். கேள்விக்குறிக்குப் பின் வருவதையும், வந்த கோரிக்கை ‘கெட்’ வகையா ‘போஸ்ட்’ வகையா என்பதையும் ரூட்டிங் பார்ப்பதில்லை.

2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்புக்கு முன்புவரை வடிவங்களை, எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடான ரெஜெக்ஸில்தான் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பில் வந்த ‘பாத்’ அந்தத் தலைவலியைக் குறைத்தது. ரெஜெக்ஸ் வேண்டுவோருக்கு ‘ரீ_பாத்’ உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பெயர் வைத்து, பக்கத்தை ஆக்கும் டெம்ப்ளேட்டில் அந்தப் பெயரையே பயன்படுத்துவது நல்லது. நாளை முகவரி மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

தமிழில் முகவரி அமைப்போருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முகவரியின் ஒரு பகுதி எந்த வகை என்று சொல்லும் ‘இன்ட்’, ‘ஸ்ட்ர்’ போன்ற மாற்றிகளில் ஒன்றான ‘ஸ்லக்’, ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது. ரெஜெக்ஸில் எழுத்துகளைக் குறிக்கும் ‘\டபிள்யூ’ போட்டாலும் பயனில்லை: பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸ், புள்ளியையும் கொம்பு, கால், கொக்கிகளையும் எழுத்தாகக் கணக்கில் கொள்வதில்லை. தலைப்பிலிருந்து முகவரி ஆக்கித்தரும் ‘ஸ்லகிஃபை’யிலும் இதே கதை, யூனிகோடை அனுமதித்து ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தமழ’ என்று வரும். இப்போதைக்குத் தமிழ் முகவரிகளுக்கு ‘ஸ்ட்ர்’ மாற்றியை வைத்துக்கொள்வதே எளிய வழி.