அகழி வெட்டாத அகழி

அகழி என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது வேலூர்க் கோட்டையும் முதலைக் கதைகளும்தான். பகைவனைத் தடுக்க வெட்டப்பட்டதே அகழி என்பது பொதுவான எண்ணம். இங்கிலாந்துக் கிராமங்களிலோ கதை வேறு.

அங்கே அகழி சூழ்ந்த வீடுகளின் தடயங்கள் 5,000க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் அமைந்தவை. ஒரு சேனை வந்தால் அந்தச் சிறு நீர்ப்பள்ளம் தாங்காது. களிமண் நிலத்தில் நீர் வடியவும் மீன் வளர்க்கவும் அது உதவியது. அதைவிட முக்கியமாக, "இங்கே இருப்பவர் உன்னைப் போன்றவர் அல்ல" என்று ஊருக்கு உணர்த்தியது. பிரபுக்களைப் பார்த்து வசதி படைத்த குடியானவர்களும் அகழி வெட்டிக்கொண்டனர். நிலத்தோடு கட்டுண்ட உழவனோ மகள் திருமணத்திற்குக்கூட பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

நம் மலாக்காவுக்கு வருவோம். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். அடுத்து புக்கிட் அசகான் தோட்டம் உருவானது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தனர். மேட்டில் பெரிய துரையின் பங்களா, இடையில் கிராணி வீடு, பள்ளத்தில் லயங்கள். இதுதான் தோட்டங்களின் பொதுவான அமைப்பு. பங்களாவைச் சுற்றித் தண்ணீர் இல்லை. ஆனாலும் அழைக்காமல் அந்த மேட்டில் ஏற யாருக்குத் துணிவு வந்தது? மண்ணில் வெட்டாத அகழி மனத்தில் வெட்டப்பட்டிருந்தது.

அதைத் தூர்க்கவும் நம்மவர்கள் முயன்றனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வோடு அவர்கள் கேட்ட இன்னொன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். 1381இல் இங்கிலாந்து உழவர்களும் கிளர்ந்தெழுந்து, தங்களைக் கட்டிப்போட்ட பண்ணை ஏடுகளை எரித்தார்கள். இரு கூட்டத்தாரும் கேட்டது கூலி மட்டுமல்ல, மனித மரியாதையும்தான்.

கென்ட் வட்டாரத்தின் இக்தாம் மோட் மாளிகை இன்றும் நீர் சூழப் பாதுகாக்கப்படுகிறது. உழவனின் மண் குடிசைகளைத் தேடினால் கிடைக்காது. நம் தோட்டங்களும் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவருகின்றன. லயத்தில் பிறந்த தாத்தா பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைக்காவிட்டால், நாளைய வரலாற்றில் பங்களா மட்டுமே மிஞ்சும்.