உண்டியலும் காசோலையும்

வங்கியிற் பணம் வைத்திருக்கும் ஒருவர், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க என அவ்வங்கிக்கு எழுதும் கட்டளையே காசோலை. பெறுபவர் பெயர், திகதி, எண்ணிலும் எழுத்திலுமாகத் தொகை, ஒப்பம் என்பன அதன் உறுப்புகள். எண்ணும் எழுத்தும் முரணின் எழுத்தில் உள்ள தொகையே கொள்ளப்படும். இலங்கையில் இவ்விதிகளை வகுத்தது, 1882ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி 1927இல் இயற்றப்பட்ட 25ஆம் இலக்க மாற்றுண்டியற் கட்டளைச் சட்டமாகும். அச்சட்டத்தின் தமிழ்ப் பெயரில் 'உண்டியல்' என்ற சொல் நிற்பது ஈண்டு நோக்கற்பாலது. காசோலைக்கு முன்னரே தமிழ் வணிகர் அறிந்திருந்த கருவி அது.

கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், ஓரூரில் வாங்கிய பணத்தை மற்றோரூரில் கொடுக்க உண்டியல் எழுதினர். கண்டவுடன் கொடுக்கவேண்டியது தரிசன உண்டியல்; குறித்த நாளிற் கொடுக்கவேண்டியது தவணை உண்டியல். உண்டியலை மதியாத கடை தன் இனத்தாரிடையே பெயரிழக்கும். நீதிமன்றத்தைவிட அவ்வச்சமே வலிய காப்பாக இருந்தது.

1841இல் தொடங்கிய முதல் வங்கியும், அதனைப் பின்னர் தன்னுட் கொண்ட ஓரியன்டல் வங்கியும், அவற்றின் வழிவந்த பிற ஆங்கில வங்கிகளும் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்குமே பெரிதும் பணி செய்தன. சுதேச வணிகரின் நாணயத்தை வங்கி முகாமையாளர் அறியார். ஆகவே 'சிராப்பு' எனப்பட்ட பிணையாளர், பெரும்பாலும் செட்டியார் ஒருவர், இடையே நின்றார். அவர் பொறுப்பேற்ற செட்டியாருக்கு வங்கி கடன் கொடுத்தது. அச்செட்டியார் கூடிய வட்டிக்குச் சிறு வணிகருக்குக் கொடுத்தார். காசோலைப் புத்தகம் சிலர் கையிலும், கடன் சுமை பலர் தோளிலுமாக இருந்த நிலை இது.

வங்கியே முறிந்தால் காசோலை வெறுங் காகிதம். 1869இல் தோன்றிய இலை நோயாற் கோப்பிச் செய்கை அழிய, 1884 மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. ஆளுநர் ஆதர் கோர்டன் அளித்த அரச உத்தரவாதம் அவ்வங்கியின் நோட்டுகளைத் தாங்கியது. காசோலைக்கு ஆதாரமான வைப்புகளை அன்று. 1925இல் சில செட்டியார் நிறுவனங்கள் நொடிந்தபோது ஆங்கில வங்கிகள் அவர்களுக்குரிய கடனைச் சுருக்கின. சுதேச வணிகர் இருபுறமும் கதவடைபட்டனர். 1934இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்தது. 1939 ஆகஸ்டில் இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

அப்போதும் உழவனுக்கு வங்கி எட்டாத தொலைவிலேயே இருந்தது. ஸ்கந்தபுரம் போன்ற வன்னிக் குடியேற்றங்களுக்கு இதில் தனி இடர் ஒன்றுண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப் பத்திரத்திற் பெற்ற காணியை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. நிலமிருந்தும் பிணையில்லை. காணி கைமாறிப் போகாதிருக்க வகுத்த காப்பே கடன் வாயிலையும் அடைத்தது எனலாம். 1961இல் இலங்கை வங்கி அரசுடைமையாகி, மக்கள் வங்கியும் தோன்றி, கூட்டுறவுச் சங்கங்களின் வழியே கடன் கிராமத்துக்கு வரத் தலைப்பட்டது.

காசோலையின் மேல் இழுக்கும் இரு கோடுகளுக்கும் வரலாறுண்டு. இலண்டன் தீர்வகத்து எழுதுவினைஞர் தத்தம் வங்கியின் பெயரைக் காசோலைக்குக் குறுக்கே எழுதிய வழக்கமே நாளடைவில் சட்டமாயிற்று. கோடிட்ட காசோலைக்கு வங்கி நேரே காசு கொடாது. மற்றொரு வங்கிக் கணக்கின் வழியாகவே கொடுக்கும். களவு போயினும் பணம் சென்ற வழி தெரியும்.

சட்டம் காசோலையைக் கேட்டவுடன் கொடுக்கவேண்டியதென வகுத்தது. வணிகரோ வருநாளின் திகதியிட்டு, அதனைத் தவணைச் சீட்டாக்கிக்கொண்டனர். பழைய தவணை உண்டியல் புதுச்சட்டை அணிந்து வந்தது போலும்! கணக்கிற் பணமில்லை என்பதை அறிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தாற் குற்றமாயிற்று. 2006 முதல் காசோலைத் தாள் வங்கிக்கு வங்கி பயணஞ் செய்வதில்லை. அதன் படிமமே செல்கிறது.