இதழாசிரியரின் அளவுகோல்: 'எழுத்து' தரும் சான்று

கவிதையை எழுதி முடித்தவர் மனத்தில் அடுத்து எழும் வினா, அதனை எந்த இதழுக்கு அனுப்புவது என்பதாகும். ஆசிரியர் எதை ஏற்பார், எதை ஒதுக்குவார் என்பதற்கு எழுதிவைத்த விதி ஏதுமில்லை. எனினும், அவர் வெளியிட்ட படைப்புகளே அவருடைய அளவுகோலைக் காட்டிவிடும். தமிழில் இதற்குத் தெளிவான சான்று, சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் தொடங்கிய 'எழுத்து'.

செல்லப்பா 'மணிக்கொடி' மரபில் வளர்ந்தவர். 1933இல் வார இதழாகத் தோன்றிய மணிக்கொடி, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மாறியது. வருவனவற்றிலிருந்து தெரிந்தெடுப்பதோடு ராமையா நின்றுவிடவில்லை; மௌனியை எழுதத் தூண்டியவரும் அவரே. எழுதத் தக்கவரைக் கண்டறிந்து எழுதவைப்பதும் ஆசிரியர் கடமை என்பது அன்றே நிலைபெற்றது.

'எழுத்து' முதன்மையாகத் திறனாய்வுக்கெனத் தோன்றிய ஏடு. ஆயினும் அதன் பெயரை நிலைநாட்டியது புதுக்கவிதையே. முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்னும் பெயரில் கவிதை எழுதினார். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டியே இருந்தது. நகுலன், எஸ். வைதீஸ்வரன், சி. மணி எனப் புதியவர் பலர் தொடர்ந்தனர். சி. மணியின் 'நரகம்' போன்ற நெடுங்கவிதைக்கும் அந்தச் சிற்றேடு பக்கங்களை ஒதுக்கியது.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஆசிரியரின் நாட்டம் புலப்படும். எழுதியவரின் வயதோ ஊரோ புகழோ அங்கே தடையாகவில்லை. யாப்பை விட்டுவிட்டதனால் மட்டும் ஒன்று கவிதையாகிவிடவுமில்லை. சொல்லும் பொருளும் எழுதுபவருக்கே உரியனவாக இருத்தல் வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. கவிதையை வெளியிட்ட அதே ஏடு அதைப் பற்றிய திறனாய்வையும் வெளியிட்டது. ஆகவே, தம் கவிதை எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதைக் கவிஞர் அறிய முடிந்தது.

1962இல் செல்லப்பா தொகுத்த 'புதுக்குரல்கள்' 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்டது. இதழில் வந்தவை அனைத்தும் அதில் சேரவில்லை. தாமே ஏற்று வெளியிட்டவற்றையும் அவர் மறுமுறை நிறுத்துப் பார்த்தார்.

இக்கண்டிப்புக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 119 இதழ்களோடு 1970இல் 'எழுத்து' நின்றது. தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர் அவர்.

அவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. 'எழுத்து' கவிதைகள் பெரிதும் அகமுகமானவை என்னும் குறை கூறப்பட்டது. 1971இல் கோவையில் எழுந்த 'வானம்பாடி' சமுதாயக் குரலை முன்னிறுத்தியது. ஓர் ஏடு திருப்பியனுப்பிய கவிதைக்கு வேறோர் ஏட்டில் இடம் இருக்கக்கூடும். அந்த ஏடு எது என்பதை, அதன் பழைய இதழ்களைப் படித்தவரே அறிவர்.

அத்திப்பட்டுக் கவிஞர்க்கு இவ்வரலாறு பொருந்துவது இவ்விடத்தில்தான். அனல் மின் நிலையச் சாம்பலையும் கொசத்தலை ஆற்றுக் கழிமுகத்தையும் நாள்தோறும் காண்பவர், எங்கோ படித்த நிலவையும் தென்றலையும் எழுதியனுப்பினால் ஆசிரியருக்கு அதில் புதிதாய் ஒன்றும் கிட்டாது. சாம்பலைப் பற்றி எழுதியதனாலேயே அது கவிதையாகிவிடாது என்பதும் அதே அளவு உண்மை. அனுப்புமுன் தம் வரிகளைத் தாமே ஒருமுறை நிறுத்துப் பார்ப்பவருக்கு, ஆசிரியரின் தராசு அச்சம் தருவதில்லை.