தோட்டாவின் உட்பொருள்: வேலூர் முதல் மீரட் வரை

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் நாள் (ஹிஜ்ரீ 1221) வெடித்த சிப்பாய்ப் புரட்சியையும், 1857 மே 10-ஆம் நாள் மீரட்டில் தொடங்கிய பெரும் புரட்சியையும் ஒப்பிட்டு எழுதுவோர் பலர், 'மத உணர்வு புண்பட்டது' என்ற ஒரே தொடரில் இரண்டின் காரணத்தையும் அடக்கிவிடுகின்றனர். அத்தொடர் பொய்யன்று, எனினும் முழுமையும் அன்று. தன் கையில் தரப்பட்ட பொருள் எதனால் ஆனது, யாரால் செய்யப்பட்டது என்று அறியும் உரிமை சிப்பாய்க்கு உண்டா என்பதே அவ்விரு நிகழ்வுகளின் அடியில் கிடந்த கேள்வி. தோட்டாவின் வரலாற்றை ஊன்றி நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும்.

வெடிமருந்தைத் தாமே கூட்டிச் செய்யும் கல்வி முஸ்லிம்களுக்குப் புதியதன்று. ஹிஜ்ரீ ஏழாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஹசன் அர்ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றிய தம் நூலில் வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையையும், வெடிமருந்துக் கலவைகள் பலவற்றையும் எழுதி வைத்தார். அக்கல்வியின் வழித்தோன்றல்களே ஹைதர் அலியும் திப்பு சுல்தான் ஷஹீதும் களத்தில் ஏவிய இரும்புக்குழல் ராக்கெட்டுகள் எனலாம். 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை, அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தபின் நிலைகுலைந்து வீழ்ந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அக்காட்சி இன்றும் ஓவியமாக நிற்கிறது. 1799-இல் மைசூர் வீழ்ந்தபோது, படைக்கலத்தைத் தாமே செய்துகொண்ட ஓர் அரசும் தென்னாட்டில் மறைந்தது. அதன்பின் தென்னாட்டுச் சிப்பாய் பெரும்பாலும் கும்பெனியின் கிடங்கிலிருந்து வந்த தோட்டாவையே சுட்டான்.

அக்காலத் தோட்டா ஒரு காகிதச் சுருளே. மரக்கோலில் காகிதத்தைச் சுற்றி, ஒரு முனையில் ஈய ரவையை வைத்து, அளந்த வெடிமருந்தைக் கொட்டி, மறுமுனையை முறுக்கிவிடுவர். சிப்பாய் அம்முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் இட்டு, ரவையைக் கோலால் இடிப்பான். குழலின் வாய் 0.75 அங்குலம், ரவையோ ஏறத்தாழ 0.69 அங்குலம். இவ்வாறு தளர்வாக உள்ளே இறங்கியதால் ரவைக்குக் கொழுப்புப் பூச்சு வேண்டியிருக்கவில்லை.

ஆகவே வேலூரில் எழுந்த பூசல் தோட்டாவைப் பற்றியதன்று, தலைப்பாகையைப் பற்றியது. 1805 நவம்பரில் பிறந்த ஆணை, நெற்றிக்குறிகளைத் தடுத்தது. தாடியையும் மீசையையும் திருத்தச் சொன்னது. தோல் குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணியப் பணித்தது. அத்தோல் பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயத்தைத் தீர்த்துவைப்பார் ஒருவரும் இலர். மறுத்தவர்கள் கசையடி பெற்றனர்.

ஜூலை 10 பின்னிரவில் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட் மாண்டார். 69-ஆம் படைப்பிரிவின் வெள்ளை வீரர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி விரைந்து வந்தபோது, மதிலின் மேல் எஞ்சியிருந்த ஏறத்தாழ அறுபது வெள்ளையரிடம் ஒரு தோட்டாவும் இல்லை. கயிற்றில் தொங்கி ஏறிய அவர், துப்பாக்கி முனை ஈட்டிகளைக் கொண்டே அவர்களைப் போரிடச் செய்து, பின்வந்த குதிரைப்படையின் சிறுபீரங்கிகளால் கதவைத் தகர்க்கும் வரை தாக்குப்பிடித்தார். சுட்டுத் தீர்ந்த தோட்டாவைக் களத்தில் மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாது என்ற உண்மை ஆண்டவனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் ஒன்றாகவே இருந்தது. அன்று சிந்திய சிப்பாய் இரத்தம் மிகப் பெரிது. திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். புதிய தலைப்பாகை கைவிடப்பட்டது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களின் முஸ்லிம்களுக்குத் தோல் வெறுப்புக்குரிய பொருளன்று. அவர்களின் வாழ்வே அது. பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிறது என்பது ஃபிக்ஹு நூல்களின் பொது விதி. ஹனஃபீ மத்ஹபில் பன்றித்தோல் அதற்கு விலக்கு. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் தோலும் விலக்கு. எனவே மார்க்கம் எழுப்பும் கேள்வி 'தோலா?' என்பதன்று, 'எதன் தோல்?' என்பதே. அணைக்கட்டு முதல் ஆம்பூர் வரை தோல் வாங்கும் எந்த வணிகரும் முதலில் கேட்கும் கேள்வி அது. அதைக் கேட்ட சிப்பாயை மூடநம்பிக்கையாளன் என்பது எப்படிப் பொருந்தும்?

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வி தோட்டாவின் வடிவில் திரும்பியது. என்ஃபீல்டு துப்பாக்கியின் 0.577 அங்குலக் குழலினுள் சுருளாகக் காடிகள் வெட்டப்பட்டிருந்தன. ரவை குழலோடு நெருங்கிப் பொருந்த வேண்டியிருந்தமையால் தோட்டாவின் மேல் கொழுப்புப் பூசினர். கொழுப்பு எவ்விலங்கினது என்பதை உறுதிசெய்ய முறையான முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்பது பின்னர் அதிகாரிகளின் விசாரணையிலேயே வெளிப்பட்டது. 1857 ஜனவரி இறுதியில் அரசு இறங்கி வந்தது: தோட்டாக்கள் பூச்சின்றி வழங்கப்படும், சிப்பாய்கள் தாம் விரும்பும் பொருளை, தேன்மெழுகோ நெய்யோ, தாமே பூசிக்கொள்ளலாம். பல்லால் கடிப்பதற்குப் பதிலாகக் கையால் கிழிக்கவும் இசைவு வந்தது.

கேட்டது கிடைத்தபின்னும் ஐயம் அகலவில்லை. காகிதத்தின் மினுமினுப்பே கொழுப்பின் அடையாளம் என்று பெர்ஹாம்பூர்ச் சிப்பாய்கள் அஞ்சினர். ஏப்ரல் 24-இல் மீரட்டில் தரப்பட்டவை முன்பு பழகிய பழைய தோட்டாக்களே. ஆயினும் 90 பேரில் 85 பேர் தொட மறுத்தனர். பொருள் மாறிவிட்டது, ஆனால் செய்தவன் மேலிருந்த நம்பிக்கை மீளவில்லை. காலம் கடந்து வரும் சலுகை நம்பிக்கையை ஈட்டித் தராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பிற்காலத்து வரலாறு இவ்வுண்மைக்கு எதிர்பாராத திசையிலிருந்து சான்று தருகிறது. 1860-களில் பாக்ஸர் வடிவமைத்த உலோகத் தோட்டாவைப் பிரிட்டிஷ் படை ஏற்றபின் காகிதச் சுருள் மறைந்தது. காகிதம் சுட்டதோடு அழியும்; பித்தளைக் கூடோ எஞ்சும். எஞ்சியதை மீண்டும் நிரப்பும் கைத்தொழில் மேலைநாடுகளில் வளர்ந்து, அங்குக் குறிபார்த்துச் சுடுவோர் பலரின் வீட்டு மேசை வரை வந்தது. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் தட்டு ஒரு நிலை சுழலும் அழுத்துபொறியும் உண்டு. ஒரு நிலையில் பழைய தீமூட்டி வெளியேறிக் கூடு தன் அளவு பெறும். அடுத்தடுத்த நிலைகளில் புதிய தீமூட்டியும் மருந்தும் ரவையும் சேரும். இழுப்புக்கு ஒன்றாகத் தோட்டா விழும். ஆயினும் மிக நுண்ணிய குறியை நாடுவோர் பலர் இவ்விரைவை நம்பாமல், மருந்தைத் தராசில் நிறுத்து, கூட்டை ஒவ்வொன்றாகவே நிரப்புகின்றனர். பவுண்டில் 7000-இல் ஒரு பங்கான 'கிரெய்ன்' அவர்களின் நிறையளவு. தொழிற்சாலைத் தோட்டா கடையில் கிடைக்கும்போது இவ்வளவு பாடு ஏன்? தம் கருவியின் உள்ளே இருப்பது இன்னது என்று ஐயமற அறிய வேண்டும் என்பதே அவர்களின் முதன்மையான விடை.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது; பொது அமைதியைக் காக்கும் அத்தடை வேண்டியதே. நாம் இங்கு எடுத்துக்காட்ட விழைவது தொழிலையன்று, அதன் அடியிலுள்ள மனநிலையை. இன்று வேட்டைக்காரனும் விளையாட்டு வீரனும் கேட்டால் நுணுக்கம் என்று போற்றப்படும் கேள்வி, அன்று சிப்பாய் கேட்டபோது கலகம் எனப்பட்டது. உண்ணும் உணவு, உட்கொள்ளும் மருந்து, அணியும் தோல் ஆகியவற்றின் மூலத்தைக் கேட்கும் சமுதாயம் பிடிவாதம் உடையது அன்று, அறிவை நாடுவது. ஐயத்திற்குரியதை விட்டு ஐயமற்றதைப் பற்றுக என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறி. அந்நெறியின் பொருட்டு வேலூர் மண்ணில் உயிர்நீத்தவர்களை, அவர்கள் கேட்ட கேள்வியின் நேர்மையோடு சேர்த்தே நினைவுகூர்தல் நம் கடமை.