மானிப்பாயில் தமிழ் படித்த மருத்துவம்

"முப்பத்திநாலு வருஷம் மருந்து குடுத்தனீங்கள், மாமா. அதைப் பற்றி எழுதுங்கோவன்" என்று மருமகள் அடிக்கடி சொல்வாள். எழுதலாம்தான். ஆனால் மருந்தாளராக நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். பேனாவை எடுத்தால் பாதிச் சொற்களுக்குத் தமிழ் வருவதில்லை. அப்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர் டாக்டர் கிறீன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் அனுப்பி 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மதம் பரப்புவதும் அவர் வந்த நோக்கம்தான். அதை அவர் மறைத்ததில்லை. மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியபடியே நம்மூர் இளைஞர்களுக்கு மேலை வைத்தியம் கற்பித்தார்.

முதலில் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க வேலைக்கும் நல்ல சம்பளத்துக்கும் வெளியூர் போனார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாங்களும் அப்படிப் போனவர்கள்தானே. ஆனால் கிராமத்துக்கு வைத்தியர் இல்லாமல் போய்விட்டது. தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே இருந்து தன் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பான் என்று கிறீன் கணக்குப் போட்டார். இடையில் அமெரிக்கா சென்று 1862 இல் திரும்பி வந்தவர், 1864 இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

வகுப்பு நடத்தப் புத்தகம் வேண்டுமே. கற்றர் என்பவரின் உடற்கூற்று நூல் 1852 இலேயே தமிழில் வந்திருந்தது. பின்னர் 'இரணவைத்தியம்' 1867 இலும், இன்றும் உலகம் முழுவதும் படிக்கும் கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872 இலும், இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்' 1875 இலும் அச்சாயின. மொழிபெயர்ப்பில் அவருடைய யாழ்ப்பாண மாணவர்களும் பெரும்பங்கு எடுத்தார்கள்.

சொல்லாக்கத்துக்கு அவர் வைத்திருந்த முறை எளிமையானது. முதலில் தமிழில் தேடு. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் பார். அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. 'கெமிஸ்தம்' அப்படிப் பிறந்ததுதான். தூய்மை பார்த்துக்கொண்டிருந்தால் புத்தகம் வெளிவந்திராது.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். 1873 இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தாம் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதைக் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவருக்குப் பின் தமிழில் வைத்தியம் படிப்பிப்பது நீடிக்கவில்லை. அதன் விலையை நான் கண்ணால் கண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆச்சிக்குக் காதுக்கு விடும் மருந்து கொடுத்தேன். போத்தலில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். வரிசை நீளம், வாயால் விளக்கிச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து, "குடிச்சும் காதுக் குத்து மாறேல்லைத் தம்பி" என்றார். நல்லகாலம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் உடம்பு நடுங்கியது. "போத்தில்ல எழுதினது எனக்கு என்னண்டு தெரியும்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு போத்தலிலும் 'காதுக்கு', 'கண்ணுக்கு', 'குடிக்க' என்று தமிழிலும் எழுதத் தொடங்கினேன்.

கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியைப் படித்து, தம் தொழிலை நமக்கு விளங்க எழுதி வைத்தார். இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை என்பது ஒரு சாட்டா? மருமகள் சொன்னபடி எழுதத்தான் போகிறேன். இருமல் மருந்திலிருந்து தொடங்கலாம் என்று எண்ணம். சொல் கிடைக்காத இடத்தில் கிறீன் காட்டிய வழி இருக்கிறது.